பழகாத யந்திரத்தில் பரீட்சையா?

நம் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பரீட்சைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காகிதத்தை விட்டுக் கம்ப்யூட்டர் திரைக்குப் போய்விட்டன. ஐ.ஐ.டி.களில் சேருவதற்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பரீட்சை 2018-லிருந்து முழுக்கத் திரையில் நடக்கிறது. ஜே.இ.இ. மெயின் பரீட்சையைத் தேசியத் தேர்வு முகமை 2019 ஜனவரியில் ஏற்று நடத்தத் தொடங்கியபோது அதுவும் திரைக்கு வந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் பரீட்சை 2022-ல் திரையிலேயே ஆரம்பமாயிற்று. 2024-ல் சில பாடங்கள் காகிதத்துக்குத் திரும்பின. 2025-ல் மறுபடி எல்லாம் திரைக்கே போயின. பாங்கு குமாஸ்தா வேலைக்கும், ரயில்வே வேலைக்கும் இதே கதைதான்.

இது படித்த பெரிய இடத்துப் பிள்ளைகளின் சமாசாரம், நமக்கென்ன என்று எந்தத் தோழரும் நினைத்துவிட வேண்டாம். 2018-ல் ரயில்வேயின் கடைநிலை வேலைகளுக்கு, அதாவது ‘குரூப் டி’ வேலைகளுக்கு, ஆள் எடுத்தார்கள். 62,907 இடங்களுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாலிபர்கள் மனுப் போட்டார்கள். தண்டவாளத்தில் கடப்பாரை பிடிக்கிற வேலையும் அதில் அடக்கம். அந்த வேலைக்கும் முதல் பரீட்சை கம்ப்யூட்டர் திரையில்தான் நடந்தது. 90 நிமிஷத்தில் 100 கேள்விகள். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு மார்க் பிடித்தம். ஆகவே மவுஸ் பிடிக்கத் தடுமாறுகிறவனுக்குக் கடப்பாரை பிடிக்கும் வேலையும் கிடைக்காது என்ற நிலைமை வந்திருக்கிறது.

மில் தொழிலாளியின் மகனும் விவசாயக் கூலியின் மகளும் பன்னிரண்டு வருஷம் காகிதத்தில்தான் எழுதிப் பழகுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை காகிதத்தில். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை காகிதத்தில். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பரீட்சையின் 200 கேள்விகளும் காகிதத்தில். இப்படிப் பழகிய பிள்ளையைத் திடீரென்று ஒரு நாள் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, மூன்று மணி நேரத்தில் உன் தகுதியைக் காட்டு என்கிறார்கள். அவன் எங்கே பழகினான், எந்த யந்திரத்தில் பழகினான் என்று கேட்பாரில்லை.

திரையில் என்ன வித்தியாசம்?

கேள்வி ஒன்றுதானே, காகிதத்தில் இருந்தால் என்ன, திரையில் இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும்.

வினாத்தாள் கையில் இருந்தால் பிள்ளை என்ன செய்கிறான்? முக்கியமான சொல்லின் கீழே கோடு போடுகிறான். படத்தின் மேலேயே கோணத்தைக் குறிக்கிறான். பொருந்தாத விடையை அடித்துவிடுகிறான். தெரியாத கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறான். பல வருஷப் பழக்கத்தில் இவையெல்லாம் கை தானாகவே செய்கிற காரியங்கள்.

திரையில் கேள்வி கண்ணெதிரே நிற்கிறது. கணக்குப் போடும் காகிதம் மேஜைமேல் கிடக்கிறது. எண்களையும் படங்களையும் அங்கிருந்து இங்கே இறக்கி எழுத வேண்டும். 69 என்பதை 96 என்று இறக்கிவிட்டால் கணக்கின் வழி சரி, விடை தப்பு. நீண்ட பத்தியாக இருந்தால், கீழே உருட்ட உருட்ட முதல் வரி மேலே போய் மறைந்துவிடும். மூலையில் கடிகாரம் விநாடி விநாடியாகக் குறைந்துகொண்டே இருக்கும். ஜே.இ.இ. மெயினில் எண்ணாக விடை தர வேண்டிய கேள்விகளுக்கு, திரையிலேயே தோன்றும் எண்பலகையை மவுஸால் தட்ட வேண்டும். விடையைத் தேர்ந்தால் மட்டும் போதாது. ‘சேவ் அண்டு நெக்ஸ்ட்’ என்ற பொத்தானையும் அழுத்த வேண்டும். விடை தராத கேள்விக்குச் சிவப்பு, தந்ததற்குப் பச்சை, திரும்பிப் பார்க்க ஒதுக்கியதற்கு ஊதா என்று பக்கத்தில் ஒரு பலகை நிறம் காட்டும். இந்த நிறங்களின் அர்த்தத்தைப் பரீட்சை நாளன்றுதான் தெரிந்துகொள்கிற பிள்ளைக்குப் பத்து நிமிஷம் போய்விடும். பத்து நிமிஷம் என்பது பல கேள்விகளின் விலை.

திரையில் நல்ல அம்சங்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் வட்டத்தை நிரப்பிவிட்டால் மாற்ற முடியாது. ஒரு வரிசை தவறினால் அதற்குப் பின் எல்லாமே தவறும். நீட் பரீட்சையில் 180 வட்டங்களை நிரப்புவதற்கே கணிசமான நேரம் செலவாகிறது. திரையில் அந்தத் தொல்லை இல்லை. கடைசி நிமிஷம் வரை விடையை மாற்றலாம். ஆனால் இந்தச் சௌகரியம் பழகியவனுக்குத்தான் பயன்படுகிறது. பழகாதவனுக்கு அதுவே ஒரு குழப்பம்.

அமெரிக்காவில் கண்ட உண்மை

இது நம் கற்பனை அல்ல. கம்ப்யூட்டரின் தாயகமான அமெரிக்காவிலேயே இது கணக்குப் போட்டுப் பார்க்கப்பட்டிருக்கிறது. மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில் 2015, 2016 ஆண்டுகளில் ‘பார்க்’ என்ற பொதுப் பரீட்சையைச் சில பள்ளிகள் காகிதத்திலும் சில பள்ளிகள் திரையிலும் நடத்தின. இரண்டு வகை மாணவர்களின் மார்க்கையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டார்கள். அதன் முடிவு 2019-ல் வெளியாயிற்று. முதல் வருஷத்தில் திரையில் எழுதிய பிள்ளைகள், காகிதத்தில் எழுதியவர்களைவிடக் கணிதத்தில் ஏறத்தாழ 5 மாதப் படிப்புக்குச் சமமான அளவு பின்தங்கினார்கள். மொழிப்பாடத்தில் 11 மாதம் வரை பின்தங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் படிக்காமல் போய்விடவில்லை. படித்ததைக் காட்டும் வழி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மொழிப்பாடத்தில் அதிக அடி யாருக்கு விழுந்தது? ஏற்கெனவே மார்க் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளுக்கும்தான். வசதியும் பழக்கமும் குறைந்தவர்கள் தலையில்தான் பாரம் விழும் என்பது அங்கும் மெய்யாயிற்று.

இன்னொரு உண்மையும் அதே ஆராய்ச்சியில் இருக்கிறது. அதைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இரண்டாம் வருஷத்தில் அந்த நஷ்டம் கணிதத்தில் மூன்றில் ஒரு பங்காகவும், மொழிப்பாடத்தில் பாதியாகவும் குறைந்துவிட்டது. ஒரு வருஷப் பழக்கம் இவ்வளவு வேலை செய்தது! குறை பிள்ளையின் மூளையில் இல்லை, பழக்கமின்மையில்தான் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

படிப்பதற்குக் காகிதமே மேல் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளைச் சேர்த்து, 1,70,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைக் கொண்டு 2018-ல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. ஒரே விஷயத்தைத் திரையில் படித்தவர்களைவிடக் காகிதத்தில் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று அது காட்டியது. நேரக் கட்டுப்பாடு இருக்கும்போது இந்த வித்தியாசம் கூடுதலாக இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் திரையோடு பிறந்தவர்கள், அவர்களுக்கு எல்லாம் தானாக வந்துவிடும் என்ற பேச்சையும் அது பொய்யாக்கியது. வருஷங்கள் செல்லச் செல்லக் காகிதத்தின் அனுகூலம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பழகுவதற்கு யாரிடம் வசதி இருக்கிறது?

2017-18-ல் மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகாவே எடுத்த கணக்கின்படி, நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவை நூற்றுக்கு 4.4 மட்டுமே. நகரங்களில் 23.4. பள்ளிக்கூடங்களின் நிலைமை என்ன? மத்தியக் கல்வி மந்திரி இலாகாவின் அறிக்கைப்படி, 2023-24-ல் வேலை செய்யும் கம்ப்யூட்டர் இருந்த பள்ளிகள் நூற்றுக்கு 57.2. அடுத்த வருஷம் 64.7. அப்படியும் மூன்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் இல்லை. இருக்கிற இடத்திலும், முப்பது நாற்பது பேர் வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று மணி நேரம் தொடர்ந்து தனியாக உட்கார்ந்து மாதிரிப் பரீட்சை எழுத முடிகிறதா என்பதைத் தோழர்கள் தங்கள் ஊர்ப் பள்ளியில் விசாரித்துப் பார்க்கட்டும்.

வசதி படைத்தவர்களின் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பணம் கட்டித் தனியார் பயிற்சி மையத்தில் சேருகிறார்கள். அங்கே உண்மையான பரீட்சையைப் போலவே அமைத்த கம்ப்யூட்டரில், அதே பலகை, அதே நிறம், அதே கடிகாரத்தோடு மறுபடி மறுபடி எழுதிப் பார்க்கிறார்கள். பரீட்சை நாளில் அவர்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை. சர்க்கார் என்ன செய்கிறது? அந்தப் பயிற்சிக் கட்டணத்தின் மேல் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. வசூலிக்கிறது. பழக்கத்தைச் சந்தைச் சரக்காக்கிவிட்டு, அதில் வரியும் வாங்கிக்கொண்டு, பிறகு எல்லோருக்கும் சமமான பரீட்சை என்று பேசுகிறார்கள்!

ஸ்பின்னிங் இலாகாவில் வேலை பார்க்கும் தோழர்களைக் கேட்கிறோம். பழைய பிரேமில் வேலை செய்துவந்தவரை ஒரு நாள் காலையில் புது யந்திரத்தில் நிறுத்தி, அன்றைய உற்பத்தியை வைத்தே இவர் வேலைக்கு லாயக்கில்லை என்று நிர்வாகம் நோட்டீஸ் கொடுத்தால் சங்கம் சும்மா இருக்குமா? பழக்கிவிட்டு அல்லவா கணக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்க மாட்டோமா? மாட்டு ஏரில் உழுது பழகியவரை டிராக்டரில் ஏற்றி, சால் கோணலாகிவிட்டது என்று மிராசுதார் கூலியைப் பிடித்தால் ஊர் ஒப்புமா? மில்லிலும் வயலிலும் ஒப்பாத அநியாயத்தைப் பரீட்சை மண்டபத்தில் மட்டும் ஏன் ஒப்ப வேண்டும்?

சர்க்காருக்கே தெரிந்த விஷயம்

இது ஆட்சியாளர்களுக்குத் தெரியாததல்ல. 2018 ஜூலையில் மத்தியக் கல்வி மந்திரி, அடுத்த வருஷத்திலிருந்து நீட் பரீட்சை வருஷத்துக்கு இரண்டு தடவை கம்ப்யூட்டரில் நடக்கும் என்று அறிவித்தார். கிராமப்புற, ஏழை மாணவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று சுகாதார மந்திரி இலாகா ஆட்சேபித்தது. அடுத்த மாதமே அறிவிப்பு வாபஸாகி, நீட் காகிதத்திலேயே நீடித்தது. அப்படியானால், டாக்டர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஏழைப் பிள்ளைக்குத் திரை பாதகம் என்று ஒப்புக்கொண்டவர்கள், ரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்கும் ஏழைப் பிள்ளைக்கு மட்டும் அது பாதகமல்ல என்று எப்படிச் சொல்ல முடியும்?

2024-ல் நீட் வினாத்தாள் ஹஜாரிபாக்கிலும் பாட்னாவிலும் கசிந்து நாடே கொந்தளித்தது. அதன்பின் நியமிக்கப்பட்ட ராதாகிருஷ்ணன் கமிட்டி கம்ப்யூட்டர் முறைக்குப் போவதைச் சிபாரிசு செய்தது. 2025 நீட் பரீட்சை அப்படியும் காகிதத்தில்தான் நடந்தது. திருட்டைத் தடுக்கத் திரைதான் மருந்து என்ற வாதத்தையும் நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. 2021-ல் ஜே.இ.இ. மெயின் பரீட்சையின்போது, ஹரியானாவில் சோனிப்பட் மையத்துக் கம்ப்யூட்டர்களை வெளியிலிருந்தே இயக்கி, பணம் கொடுத்தவர்களுக்காக விடை எழுதியதாக சி.பி.ஐ. வழக்குத் தொடுத்தது. பணத்துக்கு இடம் விற்கிற வியாபாரம் இருக்கும்வரை, காகிதத்துக்கும் திருடன் உண்டு, திரைக்கும் திருடன் உண்டு.

பழகிக்கொள்ள வழி செய்திருக்கிறோம் என்று சர்க்கார் பதில் சொல்லும். 2018-ல் தேசியத் தேர்வு முகமை, சனி ஞாயிறுகளில் இலவசமாக மாதிரிப் பரீட்சை எழுதப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிற்சி மையங்களைத் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். அப்படி ஒரு மையம் நம் வட்டத்தில் எங்கே இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் அங்கே எழுதினார்கள் என்று கிளைத் தோழர்கள் கேட்கட்டும். 2020 மே மாதத்தில் ‘நேஷனல் டெஸ்ட் அப்யாஸ்’ என்ற செல்போன் செயலியைக் கொண்டுவந்தார்கள். ஆறு அங்குலத் திரையில் விரலால் தடவிப் பழகியவன், மேஜைக் கம்ப்யூட்டரில் மவுஸால் எழுத வேண்டியிருக்கிறது. அது பாதிப் பழக்கம்தான். அதுவும், வீட்டுக்கு ஒரே போன் இருந்து அதை அப்பா ஷிப்டுக்குக் கொண்டுபோய்விட்டால் அந்தப் பாதியும் இல்லை.

திரைப் பரீட்சை இன்னொரு சங்கடத்தையும் கொண்டுவந்திருக்கிறது. காகிதப் பரீட்சையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் நடத்தலாம். திரைப் பரீட்சைக்குக் கம்ப்யூட்டர் வரிசையாக வைத்த கூடம் வேண்டும். 2025 மார்ச்சில் ரயில்வே உதவி லோகோ பைலட் வேலைக்கான இரண்டாம் கட்டப் பரீட்சைக்கு, தமிழ்நாட்டு வாலிபர்கள் பலருக்குத் தெலங்கானாவில் மையம் ஒதுக்கினார்கள். அந்தப் பயணச் செலவும் போக்குவரத்தில் போகிற நாட்களும் ஒரு கூலிக் குடும்பத்துக்கு என்ன கணக்கு என்பது நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாம் கேட்பது என்ன?

நாம் யந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. நம் பிள்ளைகள் கம்ப்யூட்டரைக் கையாள வேண்டும், மற்றவர்களுக்குச் சளைக்காமல் கையாள வேண்டும் என்பதே நமது ஆசை. நாளைய வேலைகள் அதில்தான் இருக்கின்றன. ஆகவே திரையை ஒழி என்று நாம் கேட்கவில்லை; முதலில் பழக்கு, பிறகு பரீட்சை வை என்று கேட்கிறோம்.

முதலாவது, தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ‘ஹைடெக் லேப்’ என்ற கம்ப்யூட்டர் கூடங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அவை சாயங்காலங்களிலும் விடுமுறை நாட்களிலும் திறந்திருக்க வேண்டும். பள்ளியை முடித்துவிட்டு வேலை தேடும் வாலிபர்களுக்கும் அங்கே இடம் வேண்டும். உண்மைப் பரீட்சையின் அதே அமைப்பில், தமிழிலும், முழு நேர மாதிரிப் பரீட்சை எழுத வசதி வேண்டும். அதைக் கவனிக்கும் ஆசிரியருக்குக் கூடுதல் ஊதியம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, 2011-ல் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு லாப்டாப் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. லட்சக்கணக்கான ஏழை வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அப்படித்தான் நுழைந்தது. பிறகு அது நின்றுபோயிற்று. 2025 மார்ச் பட்ஜெட்டில் ராஜ்ய சர்க்கார் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கம்ப்யூட்டர் தருவதாக அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் நுழைவுப் பரீட்சை கல்லூரிக்குள் போவதற்கு முன்னால் அல்லவா வருகிறது? பதினோராம் வகுப்பிலேயே அது பிள்ளையின் கைக்கு வர வேண்டும்.

மூன்றாவது, இந்த வசதி எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டும்வரை, காகிதத்திலா திரையிலா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை பரீட்சை எழுதுபவனுக்கு இருக்க வேண்டும்.

நான்காவது, பரீட்சை மையம் சொந்த மாவட்டத்தில் இருக்க வேண்டும். வெளியே அனுப்பினால் அனுப்புகிறவர்கள் பயணச் செலவைக் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் கிராமம், நகரம், தமிழ்வழி, ஆங்கிலவழி என்று பிரித்து மார்க் விவரங்களை வெளியிட வேண்டும். நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பது வெட்டவெளிச்சமாகட்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யட்டும் என்று கை கட்டி உட்கார நமக்கு நேரமில்லை. பரீட்சை தேதி யாருக்காகவும் காத்திருக்காது. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சில யோசனைகளைச் சொல்கிறோம்.

பாடத்தைக் காகிதத்திலேயே படியுங்கள். கணக்கைக் கையால் போட்டே கற்றுக்கொள்ளுங்கள். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் எழுதப்போகிற பரீட்சை எதில் நடக்கிறது என்று முதலிலேயே விசாரியுங்கள். காகிதம் என்றால், வட்டத்தை நிரப்பும் தாளோடு நேரம் வைத்துப் பழகுங்கள். திரை என்றால், கடைசி இரண்டு மாதமாவது வாரந்தோறும் முழு மாதிரிப் பரீட்சையைத் திரையில் எழுதுங்கள். போனில் எழுதினால் போதும் என்று இருந்துவிடாமல், மவுஸ் உள்ள கம்ப்யூட்டரைத் தேடிப் பிடியுங்கள். திரைக்குப் பக்கத்தில் வெள்ளைக் காகிதம் வைத்து, கேள்வி எண்ணைப் போட்டு, எண்களைச் சரிபார்த்து இறக்கி, ஒழுங்காகக் கணக்குப் போடும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் தப்பானவற்றைப் பிரித்துப் பாருங்கள். தெரியாததால் தப்பியது எத்தனை, திரையால் தப்பியது எத்தனை என்று தெரிந்தால், எதைத் திருத்த வேண்டும் என்பதும் தெரியும்.

சங்கங்களுக்கும் கிளைகளுக்கும் இதில் வேலை உண்டு. சங்க ஆபீசில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் மவுஸும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பிள்ளையும் மாலையில் ஒரு பிள்ளையும் மூன்று மணி நேரப் பரீட்சை எழுதிப் பார்க்கலாம். இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் நான்கு பிள்ளைகள். மாணவர் சங்கத் தோழர்களும் வாலிபர் சங்கத் தோழர்களும் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கலாம். ஒரு காலத்தில் நம் சங்கங்கள் இரவுப் பள்ளி நடத்தி எழுத்துக் கற்பித்தன. இன்று திரை கற்பிப்பதும் அதே காரியம்தான்.

இது ஒரு பக்கம். மறுபக்கம், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் கூடத்தைத் திற என்ற கோரிக்கையோடு ஒவ்வொரு ஊரிலும் பெற்றோரைத் திரட்டித் தலைமையாசிரியரிடமும், மாவட்டக் கல்வி அதிகாரியிடமும் மனுக் கொடுக்க வேண்டும். மனுவுக்குப் பதில் வராவிட்டால் மறுபடி போக வேண்டும், இன்னும் அதிகம் பேராகப் போக வேண்டும். அந்தக் கூடம் நம் வரிப்பணத்தில் கட்டியது. அதன் சாவி சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் யாருக்கும் உதவாமல் ஆணியில் தொங்குவதற்காக அல்ல.

நம் பிள்ளைகள் படிப்பில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. அவர்கள் தோற்பதென்றால், கேள்விக்கு விடை தெரியாமல் தோற்கட்டும்; மறுபடி படித்து ஜெயிப்பார்கள். பொத்தான் எங்கே என்று தெரியாமல் ஒரு தொழிலாளியின் பிள்ளையும் தோற்க விடக் கூடாது.